சியாட்டிலில் ஏறுவதா, வான்கூவரில் ஏறுவதா?

அலாஸ்கா கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது கப்பலைப் பற்றித்தான். எத்தனை மாடி, சைவச் சாப்பாடு கிடைக்குமா, பால்கனி அறைக்கு எவ்வளவு கூடுதல்? பிள்ளைகளைப் பார்க்கச் சியாட்டில் போகும் நம் ஊர்ப் பெற்றோருக்கு இன்னொரு வசதியும் உண்டு. வீட்டிலிருந்து காரிலேயே துறைமுகத்துக்குப் போய் ஏறி, எட்டாம் நாள் காலை அதே இடத்தில் இறங்கி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனாலும், முடிந்தவர்கள் வான்கூவரில் ஏறுங்கள் என்றுதான் சொல்வேன். இந்தப் பயணத்தில் நாம் எதைப் பார்க்கப்போகிறோம் என்பதைக் கப்பலைவிட, அது புறப்படும் துறைமுகமே தீர்மானிக்கிறது.

இரண்டும் ஏழு நாள் பயணங்கள். சியாட்டில் வழி, போய்த் திரும்பும் வழி. வான்கூவரில் தொடங்குவதில் ஒருவழிப் பயணம் ஒன்று உண்டு. வடக்கே போய்க்கொண்டே இருந்து, அலாஸ்காவின் விட்டியரிலோ செவர்டிலோ இறக்கிவிடும். கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே என்று நடுவில் வரும் ஊர்கள் பெரும்பாலும் ஒன்றே. அதனால் விளம்பரத் தாளில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

வேறுபாட்டின் வேர் 1886-இல் அமெரிக்கா இயற்றிய ஒரு சட்டத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுப் போக முடியாது. ஏறிய துறைமுகத்துக்கே திரும்புவதானாலும் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். பெரிய உல்லாசக் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பெர்முடா, பனாமா போன்ற நாடுகளின் கொடி கட்டியவை. ஆகவே சியாட்டில் கப்பல் ஒவ்வொன்றும் கனடாவின் விக்டோரியா போன்ற ஒரு துறைமுகத்தில் நின்றாக வேண்டும். பெரும்பாலும் கடைசி நாள் மாலையில், சில மணி நேரம். அழகான ஊர்தான், ஆனால் இருட்டும் நேரத்தில் இறங்கி என்ன பார்ப்பது? கொரோனா காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது, 2021-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிகச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிய பிறகே சியாட்டில் கப்பல்கள் அலாஸ்காவுக்குப் புறப்பட முடிந்தது. வான்கூவர் கனடாவிலேயே இருப்பதால் அங்கே 1886 சட்டத்தின் சிக்கல் இல்லை.

அடுத்தது கடல். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக்கில் விரைந்து போகும். முதல் முழுநாள் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர்தான், அலையும் இருக்கும். வான்கூவர் கப்பலோ அதே தீவுக்குக் கிழக்கே, மலைக்கும் மலைக்கும் இடையிலான உள்கடல் வழியில் நுழைகிறது. அந்த வழியில் சீமோர் நெரோஸ் என்றொரு இடுக்கு. ஓதம் ஏறி இறங்கும்போது அங்கே நீரோட்டம் 15 நாட் வரை, அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர் வரை போகும். பெரிய கப்பல்கள் ஓட்டம் அடங்கும் நேரம் பார்த்துத்தான் கடக்கின்றன. முன்பு இந்த இடுக்கின் நடுவே, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ரிப்பிள் ராக் என்ற இரட்டைப் பாறை இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களையும் படகுகளையும் அது சேதப்படுத்தியது, மூழ்கடித்தது. கடலடியில் சுரங்கம் தோண்டி, ஆயிரம் டன்னுக்கு மேல் வெடிமருந்து நிரப்பி, 1958 ஏப்ரல் 5 அன்று அதைத் தகர்த்தார்கள். இந்த இடத்தைக் கப்பல் இரவில் கடப்பதே அதிகம். ஜூனில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும் என்பதால், இடுக்கை நெருங்கும் கரைகளையாவது பார்த்துவிடலாம்.

பனியாறுகளைப் பார்க்கத்தான் இவ்வளவு செலவும். அதற்கான இடங்களில் முதலிடம் கிளேசியர் பே என்ற விரிகுடாவுக்கு. 1794-இல் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் அளந்தபோது இந்த விரிகுடா ஏறக்குறைய இல்லவே இல்லை. வாயை அடைத்துக்கொண்டு பனிச்சுவர் நின்றது. 1879-இல் இயற்கையாளர் ஜான் மியூர் வந்தபோது பனி 40 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்று உள்கோடிக்குப் போக 65 மைல். 230 ஆண்டுகளுக்கு முன் பனியாக இருந்த இடத்தில் கப்பல் மணிக்கணக்கில் மிதந்து போகிறது. வாயருகே முற்றிய காடு. உள்ளே போகப்போக மரங்கள் குட்டையாகி, புதராகி, பாசியாகி, கடைசியில் வெறும் பாறை. பனி விலகிய நிலம் மெல்ல மெல்லக் காடாகும் கதையை நாம் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு போகிறோம். கோடியில் மார்ஜரி பனியாறு நிற்கிறது. ஒரு மைல் அகலம், நீருக்கு மேல் 250 அடி உயரம். பனிக்கட்டி பிளந்து கடலில் விழும் ஓசையை அந்த மண்ணின் டிலிங்கிட் மக்கள் ‘வெள்ளை இடி’ என்கிறார்கள். காட்சிக்குப் பின்னால்தான் ஓசை வந்து சேரும்.

பருவகாலத்தில் நாளுக்கு இரண்டு உல்லாசக் கப்பலுக்கு மேல் இங்கே அனுமதி இல்லை. எனவே எந்தக் கப்பலும் இங்கே வந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. சியாட்டில் கப்பல்களில் சில வருகின்றன. பல கப்பல்கள் ட்ரேசி ஆர்ம், எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய கடற்கால்களுக்குப் போகின்றன. அவையும் அழகுதான்; ஆனால் மிதக்கும் பனி மிகுந்தால் பெரிய கப்பல் தொலைவிலேயே திரும்பிவிடும். ட்ரேசி ஆர்மில் 2025 ஆகஸ்டில் மலைச்சரிவு விழுந்து பேரலை எழுந்ததால், அங்கே போவதையும் உறுதியாக நம்பிவிடக் கூடாது. ஆகவே சீட்டு எடுக்கும்முன் நாள்வாரி நிரலைக் கேட்டு வாங்கி, அதில் ‘கிளேசியர் பே’ என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒருவழிக் கப்பல்களில் பல இதற்கப்பாலும் போய் ஹப்பார்ட் பனியாற்றையோ காலேஜ் ஃபியோர்டையோ காட்டுகின்றன. ஹப்பார்டின் முகப்பு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் அகலம். மற்றவற்றில் பெரும்பாலானவை தேயும் காலத்தில் இது முன்னேறுகிறது. 1986-இலும் 2002-இலும் ரஸ்ஸல் ஃபியோர்டின் வாயை அடைத்து அதை ஏரியாக்கிவிட்டது. ஏழு நாளில் சியாட்டிலுக்குத் திரும்ப வேண்டிய கப்பலுக்குக் காலேஜ் ஃபியோர்டு எட்டாத தூரம்.

சியாட்டில் வழிக்கும் நியாயம் இருக்கிறது. ஒருவழிப் பயணத்தில் இறங்கிய பிறகு ஆங்கரேஜுக்கு ரயிலோ பேருந்தோ பிடித்து, அங்கிருந்து விமானம் ஏற வேண்டும். நான்கு பேர் குடும்பத்துக்கு அந்தச் செலவு சிறியதல்ல. அலாஸ்கா வளைகுடாவைக் கடக்கும் இரவில் ஆட்டமும் இருக்கும். மூட்டுவலியோடு வரும் பெற்றோரைப் பெட்டிகளுடன் அலைக்கழிப்பதை நானே ஏற்க மாட்டேன். அவர்களுக்கு வான்கூவரில் ஏறி வான்கூவரிலேயே இறங்கும் பயணம் பொருந்தும். உள்கடல் வழியும் கிடைக்கும், அலைச்சலும் குறையும். விசா விஷயத்தில் எந்த வழிக்கும் சலுகை இல்லை. இந்தியக் கடவுச்சீட்டுடன் சுற்றுலா வருபவருக்கு அமெரிக்க விசா, கனடா விசா இரண்டுமே வேண்டும். சியாட்டிலில் ஏறி அங்கேயே இறங்குபவருக்கும்தான்.

இனிக் கப்பல். நாலாயிரம் பேர் போகும் கப்பலில் கேளிக்கை அதிகம், கெட்சிகனில் இறங்க நிற்கும் வரிசையும் அதிகம். இரண்டாயிரம் பேருக்கான கப்பல் போதும். பால்கனிக்குப் பணம் போதாவிட்டால் ஜன்னல் இல்லாத உள்ளறையை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒருவழிப் பயணத்தின் விமானச் சீட்டுக்குச் செலவிடலாம். பனியாற்றின் முன் கப்பலை நின்ற இடத்திலேயே சுற்றித் திருப்புவார்கள், இருபக்கத்திலிருந்தும் தெரியும். திறந்த முன்தளத்தில் நிற்பவருக்குக் கிடைப்பது பால்கனிக்காரருக்குக் கிடைக்காது. பால்கனிதான் வேண்டும் என்றால், வடக்கு நோக்கிப் போகும்போது வலப்பக்கம். வளைகுடாவில் கரை அந்தப் பக்கம்தான் வரும். மழைக்கோட்டு கட்டாயம். கெட்சிகனில் ஆண்டுக்குச் சென்னையைப் போல் இரண்டரை மடங்கு மழை பெய்கிறது. மே மாதம் ஓரளவு காய்ந்திருக்கும்.

கிளேசியர் பே நாளன்று மட்டும் காலைத் தூக்கத்தை விட்டுவிடுங்கள். விரிகுடாவின் வாய்ப்பகுதியில் ஒரு சிறு படகு, ஓடும் கப்பலின் விலாவை ஒட்டி வரும். தேசியப் பூங்காவின் ரேஞ்சர்கள் கயிற்றேணியில் ஏறி வருவார்கள். நாள் முழுக்க ஒலிபெருக்கியில் அந்த இடத்தின் கதையைச் சொல்வது அவர்கள்தான். பனி முன்னேறி வந்தபோது ஊரைவிட்டு வெளியேறிய ஹூனா டிலிங்கிட் மக்களின் கதையும் அதில் உண்டு. அவர்களுடைய குலவீடு 2016-இல் மீண்டும் எழுப்பப்பட்டு, அந்தக் கரையிலேயே இப்போது நிற்கிறது.