பந்தெறி பொறியின் கதை

டெனிஸ் இருவரோ நால்வரோ ஆடும் ஆட்டம். தனித்து நிற்பவருக்கு அதில் இடமில்லை. ஆயினும் ஒரே அடியை நூறு முறை, ஆயிரம் முறை அடித்துப் பழகாதவர்க்கு அது கைகூடுவதில்லை. அத்தனை முறை சலிக்காது பந்தனுப்பும் துணைவர் எங்கே கிடைப்பார்? இக்குறையைத் தீர்க்கப் பிறந்ததே பந்தெறி பொறி.

அதனை ஆக்கிய முன்னோடி, 1904ஆம் ஆண்டு பாரிசில் பிறந்த ரெனே லாக்கோஸ்ட் ஆவார். அவர் மட்டையைக் கையிலெடுத்தது பதினைந்து வயதளவில். உடல் வலிமையிலும் சிறந்தவரல்லர். குறையை உழைப்பால் ஈடுசெய்தார். எதிராளிகளின் பலத்தையும் பலவீனத்தையும் குறிப்பேட்டில் எழுதி ஆராய்ந்தார். 1925, 1928ஆம் ஆண்டுகளில் விம்பிள்டன் வெற்றி அவருடையதாயிற்று. 1927இல் அமெரிக்காவின் பெருவீரர் டில்டனை அந்நாட்டு இறுதியாட்டத்திலேயே வீழ்த்தினார். அவ்வாண்டே டேவிஸ் கிண்ணமும் முதன்முறையாகப் பிரான்சுக்குச் சென்றது.

1920களின் பிற்பகுதியில் அவர் அமைத்த பொறி, கைப்பிடியைச் சுழற்றி இயக்குவது. பிற்காலப் பொறிகள் பலவற்றில், எதிரெதிராகச் சுழலும் இரு சக்கரங்களிடையே அகப்பட்ட பந்து விசையுடன் வெளிப்படும். ஒரு சக்கரத்தின் வேகத்தைக் கூட்டினால் பந்தின் சுழற்சி மாறும். அமெரிக்கப் பொறியியலாளர் ஹோவார்ட் ஹெட், டெனிஸ் பழக வாங்கிய பொறி திருப்தியளிக்காமையால் அதனைச் சீர்திருத்தினார். பின்னர் மட்டையையே ஆராய்ந்து, 1976இல் அகன்ற மட்டைக்குக் காப்புரிமை பெற்றார்.

பொறிக்குக் களைப்பில்லை, கருத்துமில்லை. ஆடுபவர் எங்கே தவறினார் என்பதை அது அறியாது. 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்று, 1960, 1961ஆம் ஆண்டுகளில் அங்கே அரையிறுதி வரை முன்னேறிய தமிழர் இராமநாதன் கிருஷ்ணனுக்கு, தந்தை இராமநாதனே ஆசானாக விளங்கினார். தவறு கண்டு திருத்தும் கண்ணைப் பொறி தரவல்லதன்று.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே சல்லி போன்ற கடலோரச் சிற்றூரில் வாழும் மாணவனுக்கு அத்தகைய பொறி எட்டாக்கனியாகலாம். அதற்காக அவன் தளர வேண்டியதில்லை. ஒரு சுவரும் ஒரு பந்தும் போதும். நேராக அடித்தால் நேராகவும், கோணலாக அடித்தால் கோணலாகவும் சுவர் பந்தைத் திருப்பித் தரும். லாக்கோஸ்டை உயர்த்தியது பொறியன்று. பொறியைத் தேடச் செய்த விடாமுயற்சியே. அம்முயற்சிக்கு விலையில்லை, அதனைப் பயிலும் வாய்ப்பு எவ்வூர்ப் பிள்ளைக்கும் உண்டு.