இரண்டு உடுப்புக் கணக்கு

1882இல் இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில், ஓர் அநாதை விடுதியை நடத்திவந்த மேட்ரன் அம்மா, அந்த ஊர்ப் பெரிய வீட்டுச் சீமாட்டி வுல்வர்டனிடம் உதவி கேட்டார். ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்று இழுக்கவில்லை. கையால் பின்னிய காலுறை இரண்டு டஜன் ஜோடி, ஜெர்சி ஒரு டஜன் என்று கணக்காகக் கேட்டார். சீமாட்டி தன் சிநேகிதிகளைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டு உடுப்புக்குக் குறையக் கூடாது என்று விதி. மூன்று ஆண்டு கழித்து அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இதைப் பார்த்து எழுந்த சங்கமும் அதே இரண்டைப் பிடித்துக்கொண்டது: ஒன்று துவைப்பில் கிடந்தால் ஒன்று உடம்பில் இருக்க வேண்டும். பிள்ளைத்துணி அலசிய கைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்கு அந்த மேட்ரனைப் பிடிக்கும். நானும் இதே இங்கிலாந்தில் பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தர்மமாக வந்து இறங்கும் பின்னல் மூட்டைகளைப் பிரித்துப் பிரித்துப் பழகியவள். இப்போது மாதா கோயில் கூடத்தில் கூடிப் பின்னும் கிழவிகளில் ஒருத்தி.

பாளையங்கோட்டையில் என் வீட்டில் பிள்ளை பிறக்குமுன் துணி வாங்குவதே கிடையாது. தாத்தாவின் பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்து வைத்திருப்பார்கள். நைந்த பருத்தியைவிடப் பூப்போன்ற துணி ஏது? புதுச்சட்டையெல்லாம் பிறகுதான். இங்கேயோ ஐந்தாம் மாதமே பாட்டிமார் ஊசியை எடுத்துவிடுகிறார்கள். குளிர் நாட்டில் அதுவும் நியாயமே. லண்டன் மண்ணில் கிடைத்த 16ஆம் நூற்றாண்டுக் குழந்தைக் கம்பளி உள்சட்டை ஒன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்போதே கையால் பின்னியது.

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உடுப்பு எப்படிக் கிடைத்தது என்பது தனிக்கதை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பல ஊர்களில் பேறுகாலப் பெட்டி ஒன்று இருக்கும். விரிப்பு, தாய்க்கு அங்கி, பிள்ளைக்குச் சட்டை. தானமல்ல, இரவல். ஒரு மாதம் கழித்துத் துவைத்துத் திருப்பித் தர வேண்டும். கலியாணமான பெண்ணுக்கு மட்டும் என்று நிபந்தனையும் பல இடங்களில் உண்டு. பிள்ளைக்குக் குளிர் எடுப்பதில் கலியாணத்துக்கு என்ன வேலை என்று அந்தக் கமிட்டிகளில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தேவாலயங்களில் தொற்காள் சங்கங்கள் இருந்தன. அப்போஸ்தலர் நடபடிகளில் விதவைகளுக்கு உடுப்புச் செய்து கொடுத்தவளின் பெயர் அது. எல்லாம் இரக்கத்தால் நடந்ததென்று நினைத்தால் சார்லட் பிரான்ட்டேயின் 1849ஆம் ஆண்டு நாவலான 'ஷெர்லி'யைப் படிக்க வேண்டும். அதில் மிஷன் கூடை ஒன்று வீடு வீடாகச் சுற்றுகிறது. குண்டூசி மெத்தை, கைவேலைப் பை, குழந்தை உடுப்பு எல்லாம் அதற்குள். பெண்கள் தைத்து நிரப்ப வேண்டும். அதை ஆண்கள் தலையில் அநியாய விலைக்குக் கட்டிவிட வேண்டும். கூடை தன் முறைக்கு வரும்போது வீட்டுக்காரி பெருமூச்சு விடுகிறாள். பிள்ளைக்காகப் பின்னாமல் கூடைக்காகப் பின்னினால் அப்படித்தான்.

வுல்வர்டன் சீமாட்டியின் சங்கத்துக்கு டெக் கோமகள் மேரி அடிலெய்ட் ஆதரவு தந்தார். அவருடைய மகள்தான் பிற்பாடு ஐந்தாம் ஜார்ஜின் ராணியான மேரி. 1914இல் போர் வந்ததும் சங்கம் ராணியின் பெயரைச் சூடிக்கொண்டது. செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையே கிடங்காயிற்று. படைவீரருக்கு மூன்று லட்சம் ஜோடி காலுறை வேண்டுமென்று வேண்டுகோள் விடுத்தார்கள். சீமாட்டிகள் ரயிலில் பின்னினார்கள், நாடகக் கொட்டகையில் பின்னினார்கள்.

அங்கேதான் ஒருத்தி குறுக்கே நின்றாள். தொழிற்சங்கத் தலைவி மேரி மெக்கார்தர். போர் தொடங்கிய வாரங்களில் தையல், நெசவு வேலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்து நின்றார்கள். வசதியுள்ளவர்கள் சும்மா பின்னிக் கொடுத்தால் கூலிக்குப் பின்னுகிறவளின் அடுப்பு எப்படி எரியும் என்பது அவர் வழக்கு. ராணி அதைக் காதுகொடுத்துக் கேட்டார். பெண்களுக்கு வேலை தரவென்று தனி நிதி பிறந்தது. அந்தக் கமிட்டிக்கு மெக்கார்தரே செயலாளர் ஆனார். ஆனால் அந்த வேலைக்கூடங்களில் வாரக்கூலி பத்து ஷில்லிங்கைத் தாண்டவில்லை. இது ராணியின் பெயரில் நடக்கும் கசக்கிப் பிழிதல் என்று பெண்கள் வாக்குரிமைப் போராளி சில்வியா பாங்க்கர்ஸ்ட் சாடினார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. என் ஓட்டு மெக்கார்தருக்கு. கேட்டு வாங்கியவர் அவர்.

அடுத்த போரில் 1941 ஜூன் முதல் துணிக்குக் கூப்பன். பின்னல் நூலுக்கும்தான். பழைய ஸ்வெட்டரைப் பிரித்தார்கள். பிரித்த நூல் சுருண்டு சுருண்டு நிற்கும். அதைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, அடியில் கனம் கட்டித் தொங்கவிட்டால் நிமிர்ந்துவிடும். எங்கள் கூடத்து மூத்தவர் ஒருவரின் முதல் சட்டை, அவருடைய மாமாவின் ஸ்வெட்டராக இருந்ததாம்.

இப்போது எங்கள் கூடத்தில் பின்னும் தொப்பிக்கு வருகிறேன். பிறந்த குழந்தையின் உடல் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலை. உடல்சூடு 36.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகக் கூடாது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படக் கட்டிவைக்கும் கங்காரு முறையைத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளையின் உடம்பில் இருப்பது டயப்பரும் காலுறையும் தொப்பியுமே. சூட்டில் பாதி வேலையைத் தாய் பார்த்துக்கொள்கிறாள். மிச்சத்தைப் பார்ப்பது தொப்பி.

28 வாரத்தில் பிறந்த குழந்தையின் தலைச்சுற்று 25, 26 சென்டிமீட்டர். ஒரு சாத்துக்குடிக்கு மாட்டிப் பார்த்தால் போதும். முதல் வரிசைக் கண்ணிகளை இறுக்கிப் போட்டால் நெற்றியில் தடம் விழும். அதனால் இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்துத் தளரப் போடுகிறோம். விளிம்பு நிட் இரண்டு, பர்ல் இரண்டு; இழுத்தால் கொடுக்கும், விட்டால் பிடிக்கும். ரிப்பன் ஆகாது, பித்தான் ஆகாது. ஓட்டைப் பின்னல் வேண்டவே வேண்டாம், விரல் சிக்கும். சூடான தண்ணீரில் மெஷினில் துவைக்க வேண்டியிருப்பதால் அசல் கம்பளியும் உதவாது, சுருங்கிவிடும்.

இத்தனையும் சொன்ன பிறகும் மூட்டையில் வந்து குவிவது என்னவோ பெரிய போர்வையும் லேஸ் சால்வையும்தான். பின்னுகிறவளுக்கு அவை அழகு. வைக்க அலமாரியில் இடமில்லாமல் வார்டில் தவிப்பார்கள்.

ராணி மேரியின் சங்கம் போர்களோடு முடிந்துவிடவில்லை. பிற்பாடு கையால் செய்ததையும் வாங்கியது, கடையில் எடுத்த புதுத்துணியையும் வாங்கியது. அதில் எனக்குக் குறையில்லை. ஆறு மாதப் பிள்ளையின் ஸ்வெட்டர் இன்று கடையில் நூல் விலைக்கே கிடைக்கிறது. சாத்துக்குடி அளவுத் தொப்பிதான் கிடைப்பது அரிது. அதனால் எங்கள் கூடத்தில் அதை மட்டும் பின்னுகிறோம், வார்டில் கேட்ட அளவுக்கு. போர்வை பின்ன ஆசைப்பட்டு வருகிறவர்களிடம், தாராளமாகப் பின்னுங்கள், உங்கள் பேத்திக்கே போர்த்துங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.