ஆடும் தழையும்

நாலைந்து ஆடுகளை வாங்கிக் கட்டியவர் முதலில் கேட்பது, "என்ன தீனி போடுவது?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. இன்று அதைச் சற்றுப் பார்ப்போம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரில் பலர் சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு மாவட்டங்களின் உழவுக் குடும்பத்தினர். ஆடு அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் இந்த மண்ணின் தழைகள் புதியவை. ஊரிலே கருவேல நெற்றை உலுக்கிப் போட்டவர்கள், இங்கே ரப்பர் மர நிழலில் எதை ஒடிப்பது என்று தேட வேண்டியிருந்தது. தீனியைப் பொறுத்தவரை அவர்களும் தொடக்கக்காரர்களே.

மாடு தலை குனிந்து புல் மேயும். ஆடோ தலை நிமிர்ந்து தழை தேடும். ஆகவே காலையில் பால்மரம் வெட்டி முடித்தவர்கள், பிற்பகலில் அரிவாளும் சாக்குமாகத் தழைக்குப் புறப்பட்டார்கள். சம்பளம் அரிசி பருப்புக்கே சரியாகிப்போன வீடுகளில், கொட்டகையில் நின்ற ஆடுகள்தாம் சேமிப்பு. ஒரு கிடாயை விற்றால் ஒரு மருத்துவச் செலவோ பள்ளிச் செலவோ தீரும். ஆட்டுக்குத் தவறான தழையைப் போட்டால் அந்தச் சேமிப்பே போய்விடும்.

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல், மலாயா முழுவதும் மரவள்ளி நடப்பட்டது. கிழங்கு மனிதருக்கு, இலை ஆட்டுக்கும் உதவும். ஆனால் பச்சை மரவள்ளி இலையில் சயனைடு நஞ்சு உண்டாகும். வெட்டிய இலையை வெயிலில் நன்றாக வாட்டினால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கும். "வாட்டிப் போடு" என்பதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு தழையின் கதை இதைவிட வியப்பானது. நம் நாட்டில் பெத்தாய் பெலாலாங் என்றும், தமிழகத்தில் சூபாபுல் என்றும் வழங்கும் மரம் மெக்சிகோ நாட்டைச் சேர்ந்தது. ஸ்பானியர் கப்பல்களில் அது பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்து, பிறகு ஆசியா எங்கும் பரவியது. அதன் இலையில் புரதம் மிகுதி. ஆனால் ஆஸ்திரேலியாவில் அதை அதிகம் தின்ற கால்நடைகளுக்கு முடி உதிர்ந்தது, கழுத்துச் சுரப்பி வீங்கியது, எடை குறைந்தது. மைமோசின் என்னும் பொருளே காரணம். இந்தோனீசியாவிலும் ஹவாயிலும் ஆடுகள் அதே இலையைத் தின்று நலமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் அதன் காரணத்தைத் தேடினார். இந்தோனீசிய ஆட்டின் இரைப்பைச் சாற்றை ஆஸ்திரேலிய ஆடுகளுக்குச் செலுத்தியதும் அவையும் நஞ்சை முறித்தன. இது 1984இல் வெளியானது. 1986இல் ஹவாய் ஆடுகளின் நுண்ணுயிரைக் கொண்டும் அதே வெற்றி கிட்டியது. 1992இல் அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையே சேர்த்து, சினெர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? நாம் ஆட்டுக்கு மட்டும் தீனி போடுவதில்லை. அதன் வயிற்றில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கும் சேர்த்தே போடுகிறோம். தீனி திடீரென்று மாறினால் அவை தடுமாறும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அன்போடு அள்ளிப் போட்டு, மறுநாள் வயிறு உப்பிச் செத்த ஆட்டைப் புதைத்த அனுபவம் எங்களுக்கும் உண்டு. சோறு வயிற்றில் புளித்து, நுண்ணுயிர்களைக் கெடுத்ததே காரணம்.

எனவே புதிதாகத் தொடங்குவோர் நினைவில் வைக்க வேண்டியவை இவை. ஆட்டின் எடையில் ஏறத்தாழ 10இல் ஒரு பங்கு பசுந்தீனி நாளொன்றுக்கு வேண்டும். 25 கிலோ ஆட்டுக்கு இரண்டரைக் கிலோ. பல வகைத் தழைகளைக் கலந்து, உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். பனி காய்ந்த பிறகே மேயவிடுங்கள். ஈரப் புல்லில் குடற்புழுவின் குஞ்சுகள் இருக்கும். புதிய தீனியைப் பத்து நாளாவது சிறிது சிறிதாகப் பழக்குங்கள். நல்ல நீரும் தாது உப்பும் எப்போதும் இருக்கட்டும்.

லயத்துப் பெரியவர்கள் நுண்ணுயிரைக் கண்டதில்லை, ஆட்டைக் கண்டார்கள். அது எதைத் தின்றது, எதை ஒதுக்கியது என்று நாள்தோறும் கவனித்தார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.