கம்பி எட்டாத பண்ணைகளின் வானொலி: அடையாளம் காணும் முறையும் அதன் வரலாற்றுப் பொருளும்

1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்நிலையக் கம்பி எட்டியிருந்தது. ஊரக மின்மயமாக்க நிர்வாகம் அமைக்கப்பட்டதே 1935 மே மாதத்தில்தான். அதற்கு முன்பே வானிலையும் சந்தை விலையும் சொல்லும் வானொலி பண்ணை வீடுகளுக்குள் வந்துவிட்டது. பேட்டரியில் ஓடும் தனிவகைப் பெட்டிகள் அதற்கென்றே விற்கப்பட்டன. சேகரிப்பாளர் பலர் இவற்றை நகரப் பெட்டியின் மலிவுப் பதிப்பாகக் கருதி ஒதுக்குகிறார்கள். அந்தக் கருத்து தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு குடும்பம் மின்சாரத்தை எங்கிருந்து பெற்றது, அதற்கு எப்படிச் செலவிட்டது என்பதற்கான சான்று இப்பெட்டியின் மின்னூட்டப் பகுதியில் இருக்கிறது. ஆகவே அடையாளம் காணும் வேலையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

நான்கு மின்வழிகள்

முதலாவது, 2 வோல்ட் முறை. 1930இல் வந்த 30, 31, 32 என்ற எண்ணுள்ள வால்வுகளில் 30, 32 ஆகியவற்றின் இழைக்கு 60 மில்லிஆம்பியரே போதும். இழையைச் சூடாக்க 'ஏ' பேட்டரி. தட்டு மின்னழுத்தத்துக்கு 45 வோல்ட் கட்டைகளை வரிசையாக இணைத்த 'பி' பேட்டரி. காற்றிலிருந்து ஆக்சிஜனை ஈர்த்து இயங்கும் 'ஏர் செல்' பேட்டரி இவ்வால்வுகளின் ஏ பேட்டரியாகவே விற்கப்பட்டது. அதன் கொள்திறன் சுமார் 600 ஆம்பியர்-மணி. பெட்டி 0.6 ஆம்பியர் இழுத்தால் 1,000 மணி நேரம் வரும். நாளுக்கு மூன்று மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 11 மாதம். ஓராண்டுச் செலவை முன்கூட்டியே கட்டிவிடும் ஏற்பாடு இது.

இரண்டாவது, 6 வோல்ட் முறை. அன்றைய அமெரிக்கக் கார்களின் பேட்டரி 6 வோல்ட். அதைக் கொண்டே பெட்டி ஓடியது. உள்ளே இருக்கும் வைப்ரேட்டரின் உலோக நாக்கு வேகமாக அதிர்ந்து நேர்மின்னோட்டத்தை வெட்ட, மின்மாற்றி மின்னழுத்தத்தை உயர்த்தும். பி பேட்டரி வாங்கும் செலவு இதனால் ஒழிந்தது. ஜெனித் நிறுவனம் பேட்டரிக்கு மின்னேற்றும் வின்சார்ஜர் காற்றாலையைப் பெட்டியோடு சேர்த்து விற்று, ஆண்டுக்கு 50 சென்ட்தான் செலவு என்று விளம்பரம் செய்தது.

மூன்றாவது, 32 வோல்ட் முறை. 1916இல் அறிமுகமான டெல்கோ-லைட் போன்ற வீட்டு மின்னாக்கிகள் 16 ஈய-அமிலக் கலங்களுக்கு மின்னேற்றின. விளக்கும் நீரேற்றும் இயந்திரமும் இயங்கிய வசதியான பண்ணைகளின் வானொலி இது.

நான்காவது, 1938இல் வந்த 1.4 வோல்ட் வால்வுகள். புதிய உலர்கலம் தரும் 1.5 வோல்ட் நாளடைவில் சரிந்தாலும் வேலை செய்யும் வகையில் இவை வடிவமைக்கப்பட்டன. நான்கு வால்வுப் பெட்டி 200 மில்லிஆம்பியர் இழை மின்னோட்டத்தில் பாடியது.

இந்நான்கையும் ஒன்றையடுத்து ஒன்றாக வளர்ந்த படிகளாக அடுக்குவது பிழை. இவை பெரிதும் சமகாலத்தவை. காற்றாலை வைக்க முடிந்தவரும் உலர்கலப் பெட்டி மட்டுமே வாங்க முடிந்தவரும் தத்தம் நிலைமைக்கு ஏற்றதைத் தேர்ந்தார்கள்.

ஒரே சான்று போதாது

வால்வின் பெயரைப் பார்த்தால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. 30 போன்ற பழைய எண்களை விட்டால், பெயரின் முதல் எண் இழை மின்னழுத்தத்தைக் குறிப்பது உண்மைதான். ஆனால் '1' என்ற எண் 1.4 வோல்ட்டுக்கும் 2 வோல்ட்டுக்கும் பொது. 1எச்4ஜி 2 வோல்ட் வால்வு, 1எச்5ஜி 1.4 வோல்ட் வால்வு. இரண்டாவதற்கு 2 வோல்ட் கொடுத்தால் அளவுக்கு மேல் 40 விழுக்காட்டுக்கும் அதிகமான அழுத்தம் ஏறி இழை அறுந்துபோகலாம். அதோடு 6 வோல்ட் பெட்டிகள் பலவற்றில் இருப்பவை 2 வோல்ட் வால்வுகளே. வால்வு சொல்வது இழையின் தேவையை மட்டும். பேட்டரி எது என்பதை அது சொல்லாது.

ஆகவே சான்றுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பல வண்ணக் கம்பிகள் கொண்ட வடமும் மின்னூட்ட மின்மாற்றி இல்லாத சட்டகமும் ஏ-பி பேட்டரிப் பெட்டியைக் காட்டும். கனத்த இரு கம்பிகளும் உருளைவடிவ வைப்ரேட்டரும் 6 வோல்ட்டைக் காட்டும். 6.3 வோல்ட் வால்வுகள் ஐந்து தொடராக இருந்தால் கூட்டுத்தொகை 31.5; அது 32 வோல்ட் பெட்டிக்கு வலுவான குறி. இவ்வகையில்தான் ஆபத்து அதிகம். அதன் செருகி நகர வீட்டுச் செருகியைப் போலவே இருப்பதால் 110 வோல்ட்டில் செருகிவிட நேரும். வைப்ரேட்டர் தானே மின்திருத்தமும் செய்யும் வகையாக இருந்தால் நேர், எதிர் முனைகள் மாறக் கூடாது. மாறினால் பி மின்னழுத்தம் தலைகீழாகி மின்தேக்கிகள் கெடும்.

மாற்றியமைப்பு பற்றி

பயன்படாத பெட்டியால் என்ன பயன், வீட்டு மின்சாரத்துக்கு மாற்றிவிடலாமே என்று சிலர் வாதிடுவர். ஒலி கேட்க வேண்டும் என்ற ஆவல் நியாயமானது. ஆனால் வடத்தை வெட்டி, வைப்ரேட்டரைக் கழற்றி, புதிய மின்மாற்றியைப் பொருத்தும்போது அழிவது எதுவோ அதுதான் அப்பெட்டியை நகரப் பெட்டியிலிருந்து வேறுபடுத்துவது. தேவையான மின்னழுத்தங்களைத் தரும் கருவியை வெளியே அமைத்து, பழைய வடத்தின் வழியாகவே இணைத்தால் ஒலியும் கிடைக்கும், சான்றும் தங்கும். அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் நிறுவனம், ஆண்டு ஆகியவற்றோடு மின்வழியையும் விவரச்சீட்டில் கட்டாயம் எழுத வேண்டும். சட்டகத்தில் எதையும் வெட்டக் கூடாது.