காரில் ஒட்டிய கறுப்புக் கோடு

பிரான்ட்ஸ் ஹட்ச் ஓடுதளத்தில் கார் ஓட்டிவிட்டு செவன் கிங்ஸுக்குத் திரும்பும் பெடியளின் கார்களைக் கவனித்திருக்கிறீர்களா? சில்லுக்குப் பின்னால், கதவடியில், கறுப்புக் கோடுகள் இருக்கும். சூடேறி இளகிய ரயரிலிருந்து பிய்ந்த இறப்பர் துணுக்குகள் வேகமாக வந்து அடித்து ஒட்டியவை அவை.

சோப்புத் தண்ணீருக்கு அது அசையாது. முதலில் மணல் போகக் கழுவுங்கள். இல்லாவிட்டால் துடைக்கும் துணியே பெயின்றைக் கீறிவிடும். பிறகு, கார் சூடாறியபின், நிழலில் வைத்து, தார் நீக்கும் திரவத்தில் நனைத்த மெல்லிய துணியைக் கறையின்மேல் சற்றுநேரம் வைத்துத் துடைத்தால் இளகி வரும். நகத்தால் சுரண்டாதீர்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க இதோடு மல்லுக்கட்டிய என் மச்சான், "இந்தச் சனியன் எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டான். நல்ல கேள்வி.

இன்றைய ரயரில் ஆலையில் செய்த செயற்கை இறப்பரும் கரித்தூளும் கலந்திருக்கும். மரத்துப் பாலில் செய்த இறப்பரின் கதை பிரேசிலில் தொடங்குகிறது. 1876இல் ஹென்றி விக்கம் அமேசன் காட்டில் சேர்த்த ஏறத்தாழ 70,000 விதைகள், எங்கள் லண்டனின் மேற்கே இருக்கும் கியூ தோட்டத்துக்கு வந்தன. முளைத்தவை கொஞ்சம்தான். அவற்றில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறி, கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடவில் நடப்பட்டது. 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரைச் செய்தார். பின்னால் கார்களும் பெருகின.

மரம் மட்டும் போதுமா? பால் எடுக்க ஆள் வேண்டுமே! தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் மலாயாவுக்கு ஆட்களைக் கூட்டிப்போனார்கள். இலங்கையில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களிலும் தமிழர் மரம் சீவினார்கள். வெயில் ஏறினால் பால் குறையும். ஆகவே விடியமுன் எழும்பவேண்டும். பட்டையை மெல்லியதாக, சரிவாகச் சீவவேண்டும்; ஆழமாக வெட்டினால் மரம் கெடும். சொட்டும் பாலைச் சேர்த்து, அமிலம் விட்டு உறையவைத்து, தகடாக உருட்டி, புகையில் உலர்த்துவார்கள். இத்தனை கைத்திறனையும் 'கூலி' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டார்கள்.

எங்கள் வீடுகளில் சொல்லப்படும் வரலாறு பெரும்பாலும் 1956இல் அல்லது 1983இல் தொடங்கும். 1948இல் தொடங்கவேண்டும் என்பது என் எண்ணம். அந்த ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அதை எதிர்த்த செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1964 ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.