பேரன் என்னும் சொல்

பேரன்பிற்கு உரியவன் ஆதலின் பேரன் என்றாயிற்று எனச் சொற்பொழிவாளர் விளக்குவதும், அது கேட்டு அவையோர் மகிழ்வதும் இந்நாளில் வழக்கமாகிவிட்டன. அங்ஙனமாயின் பேத்திக்கு அவ்வன்பு ஏன் மறுக்கப்பட்டது என்று வினவுவார் ஒருவருமில்லை. வடமொழிப் பௌத்ரனே பேரனாயினான் என்போர் இவரினும் சற்றுக் கற்றவர். ஆயினும் அச்சொல்லைக் கடன்கொண்ட தமிழர் அதனைப் பௌத்திரன் என்றே எழுதி வந்திருக்க, ஔகாரம் ஏகாரமாகித் தகரம் இருந்த இடந்தெரியாமல் மறைந்தமைக்கு அவர் காட்டும் விதி யாதுமில்லை. வியர்வை வேர்வையானாற்போலப் பெயரன் பேரனாயினான். பெயர்த்தி பேர்த்தியாகிப் பேத்தியாயினாள்.

மகன் பிறந்த மனைக்கு நள்ளிரவில் கள்வன்போல் வரும் தலைவனைக் காட்டும் நற்றிணைச் செய்யுளும், ஐங்குறுநூற்று முல்லையில் செவிலி கூற்றாக வரும் செய்யுளும், அப்புதல்வனைத் தலைவனுடைய தந்தைக்குப் பெயரன் என்றே கூறுகின்றன. பாட்டன் பெயரைத் தாங்கியவன் என்பதன்றி வேறு பொருள் அங்கே செல்லாது. கன்னடர் மொம்மக என்பர். தெலுங்கர் மனுமடு என்பர். அவற்றிலெல்லாம் மகன் உண்டு, பெயர் இல்லை. (கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் என்பவற்றில் தானியங்களைக் கண்டு, தலைமுறைதோறும் மணி சிறுத்துப்போவதாக உரைப்பாரை நான் மறுக்கப் புகவில்லை, குழந்தைகளுக்கு அக்கதை போதும்.)

இச்சொல்லின் வரலாற்றைக் குலமுறை கிளத்தப் புகுந்தோர் தம் தலைநோவினாலேயே அறிவர். முத்தையா மகன் சுப்பையா, அவன் மகன் மீண்டும் முத்தையா என்று வரும் குடும்பத்தில், பாட்டனும் சு. முத்தையா, பேரனும் சு. முத்தையா, தந்தையைக் காட்டி ஆளைப் பிரித்தறியவென்று வைத்த முதலெழுத்தே இருவரையும் ஒருவராக்கிவிடுகிறது. பழைய கிரயப் பத்திரங்களைக் கொண்டு வம்சாவளி வரைவோர், நிலத்தை வாங்கியவனும் அதனை அறுபதாண்டு கழித்து விற்றவனும் ஒருவனே என மயங்கி, ஒரு முதியவருக்கு நூற்றிருபது பிராயம் கற்பித்துவிடுவதுண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயாற் சொல்லலாகாது என்னும் ஆசாரத்தால், அப்பெயரிட்ட தன் பிள்ளையை அவள் ராசு என்றோ துரை என்றோ அழைக்க, ஊரும் அவ்வாறே அழைக்க, ஏட்டில் ஒருவனும் வாய்மொழியில் வேறொருவனும் நிற்கும் விபரீதமும் நேர்கிறது.

அரசர் குடியும் இதற்கு விலக்கன்று. முதலாம் இராசராசனுடைய தமக்கையும் குந்தவை, மகளும் குந்தவை. மகள் வேங்கிநாட்டு விமலாதித்தனை மணந்து ஈன்ற மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரால் இராசராசன் என்று பெயர். அவன் முதலாம் இராசேந்திரன் மகள் அம்மங்கையை மணக்க, அவர்கள் மகனுக்கும் தாய்வழிப் பாட்டன் பெயரே வாய்த்தது. அவ்விராசேந்திரனே 1070-இல் சோழ அரியணை ஏறிப் பின்னர்க் குலோத்துங்கன் எனப்பட்டவன். பெயரைத் தந்தைவழிப் பாட்டனிடமிருந்தே கொள்வர் என்ற துணிபோடு இக்கொடியை மேலேற்றுவோர் இரண்டு தலைமுறைகளிலும் வழிதவறுவர். சோழர் இராசகேசரி, பரகேசரி என்றும், பாண்டியர் மாறவர்மன், சடையவர்மன் என்றும் மாறிமாறிச் சூடிய பட்டங்களோ, மெய்க்கீர்த்தி இல்லாத சாசனம் எவன் காலத்தது என்று ஆராய்ச்சியாளரை இன்றும் வாதிட வைக்கின்றன.

யாழ்ப்பாணத்தார் பாட்டனையே பேரன் என்றும் பாட்டியையே பேத்தி என்றும் வழங்குகின்றனர். இளையவன் அவர்க்குப் பேரப்பிள்ளை. இதனைத் திரிந்த வழக்கென்று ஒதுக்குவார் ஒதுக்குக. பௌத்ர வாதத்தால் இதனை விளக்கல் ஆகாது. பெயர் என்று கொண்டாலோ, பெயரைத் தந்தவனும் பெற்றவனும் ஒருங்கே பெயரனாதற்குத் தடை யாதுமில்லை. ஒரு பெயரை இருவர் பங்கிட்டுக்கொள்ளும் உறவையே அச்சொல் ஆதியில் குறித்தது என்பதும், நாம் அதில் இளையவனை மட்டும் வைத்துக்கொண்டு முதியவனைக் கைவிட்டோம் என்பதும் என் துணிபு.