கூட்டு ஹார்மோன் கருத்தடை மாத்திரை: பாதுகாப்பாகவும் தவறாமலும் உட்கொள்வது எப்படி?

கூட்டு ஹார்மோன் கருத்தடை மாத்திரை என்பது கருத்தரிப்பதைத் தற்காலிகமாகத் தடுப்பதற்காகப் பெண்கள் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரையாகும். தமிழ்நாட்டில் குடும்ப நலம் என்றவுடன் பலருக்கும் கருத்தடை அறுவை சிகிச்சையே நினைவுக்கு வருகிறது. திருமணமான தொடக்கத்திலோ, முதல் குழந்தைக்கும் இரண்டாம் குழந்தைக்கும் இடையிலோ, சிறிது காலம் மட்டும் கருவுறாமல் இருக்க விரும்புவோருக்கு இம்மாத்திரை ஒரு நல்ல வழியாகும். ஆனால் இது எல்லாப் பெண்களுக்கும் ஏற்றதன்று. மாத்திரை உங்களுக்குப் பாதுகாப்பானதா என்பதை முதல் மாத்திரைக்கு முன் செய்யும் பரிசோதனை முடிவு செய்கிறது. அது பலனளிக்குமா என்பதை நீங்கள் நாள்தோறும் தவறாமல் உட்கொள்வது முடிவு செய்கிறது.

மாத்திரையில் என்ன உள்ளது?

அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாக வழங்கப்படும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் உள்ளன. அவற்றுள் 21 வெள்ளை மாத்திரைகள் ஹார்மோன் மாத்திரைகள். ஒவ்வொன்றிலும் 0.15 மில்லிகிராம் லீவோநார்ஜெஸ்ட்ரல், 0.03 மில்லிகிராம் எத்தினைல் ஈஸ்ட்ராடையால் ஆகிய இரண்டு ஹார்மோன்கள் உள்ளன. இதனாலேயே இது ‘கூட்டு’ மாத்திரை எனப்படுகிறது. எஞ்சிய 7 பழுப்பு நிற மாத்திரைகளில் ஹார்மோன் இல்லை. இரும்புச்சத்து மட்டுமே உள்ளது. இவற்றை உட்கொள்ளும் நாட்களில் மாதவிடாய் போன்ற இரத்தப்போக்கு ஏற்படும்.

வெள்ளை மாத்திரைகள் சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியேறுவதைத் தடுக்கின்றன. கருப்பை வாயிலுள்ள திரவத்தைக் கெட்டியாக்கி விந்தணு உள்ளே செல்வதையும் கடினமாக்குகின்றன. ஏற்கெனவே உருவான கருவை இம்மாத்திரை கலைப்பதில்லை.

எந்த அளவுக்கு நம்பகமானது?

ஒரு நாளும் தவறாமல் உட்கொள்ளும் 1,000 பெண்களில் ஓராண்டில் ஏறத்தாழ 3 பேர் மட்டுமே கருவுறுகின்றனர். மறதி, தாமதம் ஆகியவற்றுடன் உட்கொள்ளும் வழக்கமான நிலையில் 100 பெண்களில் ஏறத்தாழ 7 பேர் கருவுறுகின்றனர். இரண்டு நிலைகளிலும் மாத்திரை ஒன்றே. உட்கொள்ளும் முறைதான் வேறு.

இம்மாத்திரை எச்.ஐ.வி. உள்ளிட்ட பால்வினை நோய்களைத் தடுக்காது. அதற்கு ஆணுறை அவசியம்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

முதல் முறையாகத் தொடங்கும்போது அக்கம்பக்கத்தினர் தந்த அட்டையையோ, மருந்துக் கடையில் நேரடியாக வாங்கிய அட்டையையோ உட்கொள்ள வேண்டாம். உங்கள் சகோதரிக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை உங்களுக்கும் பாதுகாப்பானது என்று கொள்ள இயலாது. கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ சென்று இரத்த அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். உங்கள் நோய் வரலாற்றை மறைக்காமல் கூறுங்கள். பெரும்பாலான பெண்களுக்கு இவ்விரண்டுமே போதும். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ அனைவருக்கும் தேவையில்லை.

பின்வரும் நிலைகளில் பொதுவாக இம்மாத்திரையை உட்கொள்ளக் கூடாது:

• இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருத்தல். இரத்தக் கொதிப்புக்கு மருந்து உட்கொண்டு வருதல்
• கால் அல்லது நுரையீரல் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்த வரலாறு, பக்கவாதம், மாரடைப்பு, சிக்கலுள்ள இதய வால்வு நோய்
• ஒற்றைத் தலைவலி வருவதற்கு முன் கண்ணெதிரே மின்னல் கோடுகள் தோன்றுதல், பார்வை மறைதல், கை அல்லது முகம் மரத்தல். 35 வயதைக் கடந்தவர்களுக்கு இவ்வறிகுறிகள் இல்லாத ஒற்றைத் தலைவலியும் இதில் அடங்கும்
• 35 வயது அல்லது அதற்கு மேற்பட்ட நிலையில் புகைபிடித்தல்
• மார்பகப் புற்றுநோய், தற்போதுள்ள மஞ்சள் காமாலை, கடுமையான கல்லீரல் நோய், கல்லீரல் கட்டி
• 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நீரிழிவு. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைப் பாதித்த நீரிழிவு
• தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குக் குழந்தை பிறந்து 6 மாதங்கள் நிறைவடையாத நிலை
• தாய்ப்பால் கொடுக்காதவர்களுக்குப் பிரசவமாகி 3 வாரங்கள் நிறைவடையாத நிலை. இரத்தம் உறைய வாய்ப்புள்ள வேறு காரணம் இருப்பின் 6 வாரங்கள்

வீட்டில் யாருக்கேனும் இளம் வயதிலேயே காலில் இரத்தம் உறைந்திருந்தாலோ பக்கவாதம் வந்திருந்தாலோ அதையும் தெரிவியுங்கள். நீண்ட நாள் படுக்கையில் இருக்க வேண்டிய பெரிய அறுவை சிகிச்சை திட்டமிடப்பட்டிருந்தால், மாத்திரையை 4 வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கலாம்.

‘நீர்க்கட்டி’ எனப்படும் சினைப்பைப் பிரச்சினைக்காகவும், ஒழுங்கற்ற மாதவிடாய்க்காகவும், முகப்பருவுக்காகவும் இவ்வகை மாத்திரைகள் திருமணமாகாத பெண்களுக்கும் பரிந்துரைக்கப்படுகின்றன. காரணம் வேறாயினும் மேற்கண்ட எச்சரிக்கைகள் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

எப்போது தொடங்கலாம்?

மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தொடங்கினால் கூடுதல் பாதுகாப்பு தேவையில்லை. கருவுறவில்லை என்பது உறுதியானால் வேறு நாட்களிலும் தொடங்கலாம். அப்போது முதல் 7 நாட்களுக்கு ஆணுறை பயன்படுத்த வேண்டும். கருச்சிதைவு அல்லது கருக்கலைப்புக்குப் பின் 7 நாட்களுக்குள் தொடங்கினாலும் கூடுதல் பாதுகாப்பு தேவையில்லை.

நாள்தோறும் உட்கொள்ளும் முறை

அட்டையிலுள்ள அம்புக்குறியின் வழியே நாளொன்றுக்கு ஒரு மாத்திரை உட்கொள்ளுங்கள். 21 வெள்ளை மாத்திரைகள் முடிந்ததும் 7 பழுப்பு மாத்திரைகள். அவை முடிந்த மறுநாளே புதிய அட்டை. இரத்தப்போக்கு நின்றிருந்தாலும் தொடர்ந்தாலும் புதிய அட்டையைத் தள்ளிப்போடக் கூடாது. கணவர் வெளியூரில் இருக்கும் நாட்களிலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

நேரத்தை ஓர் அன்றாடச் செயலுடன் இணைத்துக்கொள்வது மறதியைக் குறைக்கும். இரவு உணவுக்குப் பின் உட்கொண்டால் குமட்டலும் குறையும். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் நூற்பாலைகளில் முறை மாற்றிப் பணிபுரியும் பெண்கள் பலர். ‘படுக்கப் போகும் முன்’ என்று வைத்துக்கொண்டால், இரவுப் பணி வாரத்தில் அந்த நேரமே தலைகீழாகிவிடும். எனவே எந்த முறைப் பணியிலும் விழித்திருக்கக்கூடிய ஒரு மணி நேரத்தை, எடுத்துக்காட்டாக இரவு 9 மணியை, நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் நினைவூட்டல் வைத்து, அட்டையைப் பணிப்பையில் எடுத்துச் செல்லுங்கள். சில மணி நேரத் தாமதத்தால் பலன் கெடாது. ஆனால் பல நாள் தாமதமே மறதியாக மாறுகிறது.

கையில் எப்போதும் ஓர் அட்டையைக் கூடுதலாக வைத்திருங்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். காலாவதி நாளைச் சரிபார்க்கவும்.

மாத்திரையை மறந்துவிட்டால்

எத்தனை வெள்ளை மாத்திரைகள் விடுபட்டன, எந்த வாரத்தில் விடுபட்டன என்பதைப் பாருங்கள்.

1. ஒன்று அல்லது இரண்டு வெள்ளை மாத்திரைகள் விடுபட்டால் (புதிய அட்டையை ஓரிரு நாள் தாமதமாகத் தொடங்கியிருந்தாலும்): நினைவுக்கு வந்தவுடன் ஒரு மாத்திரை உட்கொள்ளுங்கள். அடுத்ததை வழக்கமான நேரத்தில் தொடருங்கள். ஒரே நாளில் இரண்டு உட்கொள்ள நேர்ந்தாலும் தீங்கில்லை.

2. முதல் அல்லது இரண்டாம் வாரத்தில் தொடர்ந்து மூன்று அல்லது அதற்கு மேல் விடுபட்டால்: உடனே ஒன்று உட்கொண்டு, நாளொன்றுக்கு ஒன்றாகத் தொடருங்கள். அடுத்த 7 நாட்களுக்கு ஆணுறை பயன்படுத்துங்கள். கடந்த 5 நாட்களுக்குள் உடலுறவு நிகழ்ந்திருந்தால் அவசரக் கருத்தடை பற்றி உடனே செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள்.

3. மூன்றாம் வாரத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் விடுபட்டால்: உடனே ஒன்று உட்கொண்டு, எஞ்சிய வெள்ளை மாத்திரைகளை முடியுங்கள். பழுப்பு மாத்திரைகளை உட்கொள்ளாமல் மறுநாளே புதிய அட்டையைத் தொடங்குங்கள். 7 நாட்களுக்கு ஆணுறை பயன்படுத்துங்கள். கடந்த 5 நாட்களுக்குள் உடலுறவு நிகழ்ந்திருந்தால் இங்கும் அவசரக் கருத்தடை பற்றிக் கேளுங்கள்.

4. பழுப்பு மாத்திரை விடுபட்டால்: அதை அகற்றிவிட்டுத் தொடருங்கள். ஆனால் புதிய அட்டையை உரிய நாளில் தொடங்க மறவாதீர்கள்.

புதிய அட்டையைத் தாமதமாகத் தொடங்குவதே பலரும் அறியாமல் செய்யும் பிழை. பழுப்பு மாத்திரை நாட்களில் ஏற்கெனவே 7 நாட்கள் ஹார்மோன் கிடைப்பதில்லை. அந்த இடைவெளி மேலும் நீண்டால் சினைப்பை மீண்டும் செயல்படத் தொடங்கிக் கருமுட்டை வெளியேறக்கூடும்.

வாந்தியும் பிற மருந்துகளும்

மாத்திரை உட்கொண்ட 2 மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்தால் மற்றொரு வெள்ளை மாத்திரை உட்கொள்ளுங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ 2 நாட்களுக்கு மேல் நீடித்தால் மூன்று மாத்திரைகள் விடுபட்டதாகக் கருதி நடந்துகொள்ளுங்கள்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிட்டோன் ஆகிய மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கின்றன. இவற்றை உட்கொள்வோர் காப்பர்-டி அல்லது மூன்று மாத ஊசி போன்ற வேறு முறைக்கு மாறுவது நல்லது. இதற்காகக் காசநோய் மருந்தையோ வலிப்பு மருந்தையோ ஒருபோதும் நிறுத்தக் கூடாது. சளி, காய்ச்சலுக்குத் தரப்படும் வழக்கமான ஆன்டிபயாடிக் மருந்துகள் இம்மாத்திரையைப் பாதிப்பதில்லை.

பக்க விளைவுகள்

முதல் மூன்று மாதங்களில் இடையிடையே சிறு இரத்தக்கசிவு, குமட்டல், இலேசான தலைவலி, மார்பில் கனம், மனநிலை மாற்றம் ஆகியவை ஏற்படலாம். பெரும்பாலும் தாமாகவே குறையும். இக்காரணங்களால் அட்டையை நடுவில் நிறுத்திவிட்டால் எதிர்பாராத கருவுறுதல் நேரலாம். தொல்லை நீடித்தால் மருத்துவரிடம் கூறுங்கள். வேறு மாத்திரைக்கோ வேறு முறைக்கோ மாறலாம். தொடங்கிய மூன்றாம் மாதத்தில் ஒரு முறையும், பின்னர் ஆண்டுதோறும் இரத்த அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள்.

அரிதான ஆனால் ஆபத்தான விளைவு இரத்த உறைவு ஆகும். மாத்திரை உட்கொள்ளாத, கருவுறாத 10,000 பெண்களில் ஓராண்டில் 1 முதல் 5 பேருக்கு இது ஏற்படுகிறது. கூட்டு மாத்திரை உட்கொள்வோரில் 3 முதல் 9 பேருக்கு. கர்ப்பிணிகளில் 5 முதல் 20 பேருக்கு. அச்சம் தேவையில்லை, அறிகுறிகளை அறிந்திருத்தல் தேவை.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• ஒரு காலில் மட்டும் கடும் வலி அல்லது வீக்கம்
• நெஞ்சு வலி, திடீர் மூச்சுத் திணறல், இருமலில் இரத்தம்
• முன் எப்போதும் இல்லாத கடும் தலைவலி
• பார்வை மங்குதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல்
• கடும் வயிற்று வலி, கண்ணும் தோலும் மஞ்சளாதல்

மாத்திரையை நிறுத்திவிட்டு 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். ‘கருத்தடை மாத்திரை உட்கொள்கிறேன்’ என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வீட்டினருக்கு நோயாளியால் பேச இயலாத நிலையில் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்வது உதவும்.

திருவிழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடலாமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டம், வீட்டுத் திருமணம் போன்ற நாட்களுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கும் வழக்கம் உள்ளது. அவ்வாறு தரப்படுவது பெரும்பாலும் நோரெத்திஸ்டிரோன் மாத்திரை. அதை உட்கொள்ளும் நாட்களில் கருத்தடைப் பாதுகாப்பு இருப்பதாக நம்ப வேண்டாம். இரத்த உறைவு வரலாறு உள்ளவர்களுக்கு இம்மாத்திரையும் ஏற்றதன்று. மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். நீங்கள் ஏற்கெனவே கூட்டு மாத்திரை உட்கொள்பவராயின் தனி மாத்திரை தேவையில்லை. பழுப்பு மாத்திரைகளை விட்டுவிட்டுப் புதிய அட்டையின் வெள்ளை மாத்திரைகளை உடனே தொடங்கினால் மாதவிடாய் தள்ளிப்போகும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகள் உட்கொண்டால் பின்னர் குழந்தை பிறக்காதா?
பிறக்கும். நிறுத்தியவுடன் கருவுறும் திறன் திரும்புகிறது. குழந்தை வேண்டாம் எனில், நிறுத்தும் நாளிலேயே வேறு முறையைத் தொடங்க வேண்டும்.

இடையில் ஓய்வு கொடுக்க வேண்டுமா?
வேண்டாம். இரத்த உறைவு அபாயம் தொடக்க மாதங்களில்தான் அதிகம். நிறுத்தி மீண்டும் தொடங்கினால் அக்காலகட்டம் மீண்டும் வரும்.

புற்றுநோய் வருமா?
சினைப்பை, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்களின் வாய்ப்பு குறைகிறது. மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு உட்கொள்ளும் காலத்தில் சற்றே கூடி, நிறுத்திய பின் படிப்படியாகக் குறைகிறது. 5 ஆண்டுகளுக்கு மேல் உட்கொள்வோருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வாய்ப்பும் சிறிது கூடுகிறது. எனவே 30 வயதைக் கடந்தவர்கள் அரசு மருத்துவமனைகளில் நடைபெறும் கருப்பை வாய், மார்பகப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

மாதவிடாய் வரவில்லை. என்ன செய்வது?
ஒரு மாத்திரையும் விடுபடவில்லை எனில் கருவுற்றிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. புதிய அட்டையைத் தொடங்குங்கள். மாத்திரை விடுபட்டிருந்தாலோ இரண்டு மாதங்கள் தொடர்ந்து வராவிட்டாலோ சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கருவுற்றது உறுதியானால் மாத்திரையை நிறுத்துங்கள். இதுவரை உட்கொண்டதால் குழந்தைக்குக் குறைபாடு ஏற்படுவதில்லை. கரு வேண்டாம் எனில் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி உட்கொள்ளாதீர்கள். அரசு மருத்துவமனையை அணுகுங்கள்.

கணவரின் கையொப்பம் தேவையா?
தேவையில்லை. நீங்கள் கூறும் விவரங்களை இரகசியமாகக் காப்பது சுகாதாரப் பணியாளரின் கடமை.

எங்கு பெறலாம்?

கிருஷ்ணன்கோவிலிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் வசிப்போர் தங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியரிடமும், துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றிலும், ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் அரசு மருத்துவமனைகளிலும் மாலா-என் மாத்திரையைக் கட்டணமின்றிப் பெறலாம். கூட்டு மாத்திரை ஒத்துவராதவர்களுக்குக் காப்பர்-டி, மூன்று மாதங்களுக்கு ஒரு முறை போடப்படும் ‘அந்தரா’ ஊசி, ஹார்மோன் இல்லாத ‘சாயா’ மாத்திரை, ஆணுறை ஆகியவையும் அரசு குடும்ப நலத் திட்டத்தில் உள்ளன. ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொதுவானவை. உங்கள் உடல்நிலைக்கேற்ற முடிவை மருத்துவரைக் கலந்தே எடுக்கவும்.